மறுப்பாளர் நாற்காலி

எங்கள் அத்தானுக்குத் தெருவில் முட்டுக்கட்டை என்று பெயர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவரைப் பார்த்து வருகிறேன். எதற்கும் ஒரே பேச்சில் சரி என்று சொன்னவர் இல்லை. குடியிருப்புச் சங்கத்தில் மாடிப்படிக்கு வெள்ளை அடிக்கலாம் என்றால் ஏன் வெள்ளை என்பார். சரி, பச்சை அடிக்கலாம் என்றால் இப்போ எதுக்கு என்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இதைச் சாப்பிடலேன்னா என்ன ஆகும்?" என்று அவரையே கேட்பார். அக்கா சாகக் கிடக்கும்போது, "எனக்கப்புறம் இன்னொரு கல்யாணம் பண்ணிக்குங்க" என்றாள். "உன் பேச்சை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவள் தலையணையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவதே பெரும்பாடு. இவர்தான் வேண்டும் என்று ராணுவம் வந்து கூட்டிக்கொண்டு போனது.

எங்களுக்கு மெத்தைக் கடை. நான் பஞ்சு அடைப்பேன், அவர் தைப்பார். ராணுவத் தலைமையகத்துக்கு மெத்தை வாங்க ஓர் அதிகாரி கடைக்கு வந்தார். நெஞ்சு கொள்ளாத பதக்கம். மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பதற்காக, உறை போட்ட புது மெத்தையின் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்றார்.

"இறங்குங்க சார், பூட்ஸோட ஏறக் கூடாது," என்றார் அத்தான், கையிலிருந்த ஊசியைக்கூட வைக்காமல்.

அதிகாரி இறங்கவில்லை. கோபப்படவும் இல்லை. "என்ன சொன்னீங்க?" என்றார்.

"ஏறக் கூடாதுன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"காது கேக்காதா உங்களுக்கு? இறங்குங்க சார்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பயிற்சிப் பள்ளியை விட்டு வந்ததுலேர்ந்து என்கிட்ட யாரும் கூடாதுன்னு சொன்னதே இல்லைங்க. என் சம்சாரம்கூட சொன்னதில்ல. அவங்க அப்பா எனக்குக் கீழ வேலை பார்த்தவரு," என்றார். மெத்தையை மறந்துவிட்டு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தலைமையகத்தின் நெறிமுறை அதிகாரி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். முன்பு ஒரு சண்டையில் நமது படை உயிரைக் கொடுத்து ஒரு மலையைப் பிடித்தது. பிடித்து, கொடி நட்டு, பாட்டுப் பாடி முடித்த பிறகு பார்த்தால் அது ஏற்கெனவே நம்முடைய மலை. வரைபடத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பெருந்தளபதி பார்த்துக்கொண்டிருக்கும் வரைபடம் தலைகீழாக இருக்கிறது என்று யார் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது? விசாரணைக் குழு உட்கார்ந்து, தலைவர்கள் மாறுபட்ட கருத்துகளையும் கேட்டால் நல்லது என்று சொன்னது. நல்ல வார்த்தைதான். ராணுவம் நல்ல வார்த்தையை என்ன செய்யும்? உத்தரவாக்கும். 'பன்முகக் கருத்து மன்றம்' என்று ஒன்றை நிறுவி, 'மறுப்பு இல்லாமல் திட்டம் இல்லை' என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். எந்தத் திட்டமானாலும் ஒருவராவது மறுத்துப் பேசிய பிறகுதான் பெருந்தளபதி கையெழுத்துப் போடலாம்.

முதலில் அதிகாரிகளையே மறுக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். அவர்கள் விறைப்பாக எழுந்து நின்று, "தங்கள் உத்தரவுப்படி மறுக்கிறேன், ஐயா!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்களாம். அதனால்தான் வெளியாள் தேடினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வினை இதுதான்.

மறுப்பாளர் துணைக்கு ஓர் ஆளை அழைத்துவரலாம், ஆனால் துணைக்குக் கருத்து இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அத்தானே சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனார். நீளமான மேஜை. இரு பக்கமும் தளபதிகள். எல்லாருக்கும் ஒரே மீசை, ஒரே வழுக்கை, ஒரே மாதிரி மடித்த கைக்குட்டை. மேஜைக் கோடியில் சிவப்பு மெத்தை போட்ட ஒற்றை நாற்காலி. அதில் அத்தானை உட்கார வைத்தார்கள். எனக்கு அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலி.

பெருந்தளபதி எழுந்து வரவேற்றுப் பேசினார். "இந்த மன்றத்தோட பெருமையே இதோட பன்முகம்தான். இவரு காலாட்படை, அவரு பீரங்கிப்படை. இவரு என்கூடப் படிச்சவரு, அவரு எனக்கு ஒரு வருஷம் பின்னால படிச்சவரு. அதோ கடைசியில இருக்கறவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. எவ்வளவு வித்தியாசமான பின்னணி பாருங்க! ஆனா ஒரு விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே கிடையாது. கருத்து வேறுபாடு ரொம்ப முக்கியம்கிற விஷயத்துல." எல்லாரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

அன்றைய திட்டம், குதிரைப்படைக்குப் புது லாயம் கட்டுவது. படம் போட்டுக் காட்டினார்கள். நெறிமுறை அதிகாரி அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார்.

"குதிரைங்க எங்க?" என்றார் அத்தான்.

"குதிரைப்படையை வண்டிப்படையா மாத்தி ரொம்ப நாளாச்சு. குதிரை கிடையாது," என்றார் ஒரு தளபதி.

"குதிரையே இல்லாம லாயம் எதுக்குய்யா? யாரைக் கட்டி வைக்கப் போறீங்க?"

படபடவென்று கை தட்டல். பெருந்தளபதி எழுந்து வந்து அத்தானின் தோளைத் தட்டினார். "அருமை! எவ்வளவு கூர்மையான மறுப்பு! இவ்வளவு பலமான மறுப்பையும் தாங்கி நிக்குதுன்னா இது எவ்வளவு உறுதியான திட்டமா இருக்கணும்!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். லாயத்தை இன்னும் பெரிதாகக் கட்டும்படியும் எழுதினார். பிறகு டீயும் பிஸ்கட்டும் வந்தன. அத்தான் எனக்கு மட்டும் கேட்கும்படி, "மச்சான், நான் வேணாம்னுதானே சொன்னேன்?" என்றார். கருத்து சொல்லக் கூடாது என்பதால் நான் பிஸ்கட்டைத் தின்றேன்.

அதற்கப்புறம் வாரா வாரம் வண்டி வந்தது. அத்தான் எதை எதிர்த்தாரோ அதெல்லாம் நடந்தது. வணக்கம் வைக்கிற கையை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கை வலிக்காதா என்றார். கைதட்டல், கையெழுத்து. பெருந்தளபதிக்குச் சிலை வைக்க வேண்டும் என்றார்கள். உயிரோட இருக்கறவருக்கு எதுக்குச் சிலை என்றார். அதற்குப் பெருந்தளபதியே விழுந்து விழுந்து சிரித்து, இரண்டு சிலையாக வைக்கச் சொன்னார். அத்தானுக்கு மறுப்புப் பதக்கம் கொடுத்தார்கள். படம் பிடித்து எல்லா முகாமுக்கும் அனுப்பினார்கள்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது பாப்பாதான். அத்தானின் ஒரே மகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை ராணுவத்தில் படகுப் பிரிவு. அவன் முகாமில் இருக்கும்போதெல்லாம் இவள் அப்பா வீட்டில் இருப்பாள். "அப்பா, உங்க வாய்க்கும் ஒரு நாற்காலி போட்டுட்டாங்களே! அம்மா இருந்திருந்தா நம்பியிருக்கவே மாட்டாங்க," என்பாள். மாப்பிள்ளை போனில், "மாமா, எங்க முகாம்ல உங்க போட்டோ மாட்டியிருக்காங்க. இவரு என் மாமனாருன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்," என்பான். நல்ல பையன். சாப்பிட உட்கார்ந்தால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் தன் தட்டைத் தொடுவான். அத்தான் வாழ்க்கையில் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பையன்தான். பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறக்காமல் தலையாட்டினார். அதைப் பார்த்து நாங்களே பயந்துபோனோம்.

ஒரு நாள் கடைக்கு மாப்பிள்ளையின் போன் வந்தது. எப்போதும் போலச் சிரிப்பில்லை. "மாமா, பாப்பா பக்கத்துல இருக்காளா? இல்லையே? ஆத்து நடுவுல ஒரு மணல்மேடு இருக்கு. எங்களை அங்க கூடாரம் போட்டுக் காவல் இருக்கச் சொல்லப் போறாங்களாம். மழை வந்துட்டா அந்த மேடு தண்ணிக்குள்ள போயிடும் மாமா. சமையக்காரன்லேர்ந்து எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரு சொல்றது? நீங்க சொல்லுங்க. உங்க வேலையே அதுதானே?"

"நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை," என்றார் அத்தான். அன்றைக்கு ஊசியில் நூல் கோக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த கூட்டத்தில் அந்தத் திட்டம் வந்தது. பெருந்தளபதியே விளக்கினார். "எதிரி அக்கரையில இருந்து அந்த மணல்மேட்டைப் பாத்துக்கிட்டே இருக்கான். நாம அங்க போய் நின்னுட்டோம்னா, அவன் மேட்டைப் பாக்கும்போது நம்மளையும் பாத்தாகணும். வேற வழி இல்ல அவனுக்கு."

அத்தான் எழுந்து நின்றார். அதுவரை உட்கார்ந்துதான் மறுப்பார். "ஐயா, மழைக்காலம் தலைக்கு மேல வந்தாச்சு. தண்ணி ஏறினா அங்க இருக்கறவங்க போக இடமில்லை. அங்க போறவங்கள்ல என் மாப்பிள்ளையும் ஒருத்தன். என் பொண்ணுக்கு அம்மா கிடையாது. எனக்கும் அவளை விட்டா யாரும் கிடையாது. இத்தனை நாளா வாயில வந்ததைச் சொன்னேன், இது அப்படி இல்லீங்க. உங்க கால்ல விழறேன், அனுப்பாதீங்க." சொன்னபடியே கீழே விழப்போனார். நெறிமுறை அதிகாரி தாங்கிப் பிடித்தார்.

அறையே எழுந்து நின்று கை தட்டியது. பெருந்தளபதி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மன்றத்துலயே இவ்வளவு உள்ளத்தைத் தொடற மறுப்பை நான் கேட்டதில்லை. இப்படி ஒரு மறுப்பு கிடைக்கறதுக்கு இந்தத் திட்டம் கொடுத்து வச்சிருக்கணும்," என்றார். உயிர் சம்பந்தப்பட்ட திட்டம் என்பதால் இரண்டு கூட்டத்தில் மறுப்பு வாங்க வேண்டுமாம். முதல் ஒப்புதல் அன்றைக்கே ஆயிற்று. இறுதிக் கையெழுத்து அடுத்த கூட்டத்தில். போகும்போது நெறிமுறை அதிகாரி, "அடுத்த வாரமும் இதே மாதிரி பண்ணிடுங்க. அந்தக் கால்ல விழற கட்டத்தை மட்டும் கொஞ்சம் முன்னாடியே வச்சுக்கலாம்," என்று அத்தானின் காதில் சொன்னார்.

மறுநாள் கடையில் பாதி மெத்தையில் தையலை நிறுத்திவிட்டு, "மச்சான், மறுப்பு இல்லாம திட்டம் இல்லைன்னுதானே சுவத்துல எழுதியிருக்கான்?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான்."

"அப்ப நான் மறுக்கலேன்னா?"

போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்டேன். போகாவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பார்கள் என்றார். பேசாமல் உட்கார்ந்திருந்தால்? அதற்கும் விதி இருந்தது. ஊரெல்லாம் மௌனம் சம்மதம் என்றால், அந்த மன்றத்தில் மறுப்பாளரின் மௌனம் மறுப்பு. வாயைத் திறந்து, முழுசாக, நல்ல திட்டம் என்று சொன்னால்தான் மறுப்பு இல்லை என்று கணக்கு.

"உங்களால முடியுமா அத்தான்?"

"வாயைத் தைச்சுக்கிட்டாவது மத்ததை அடக்கிடுவேன்டா," என்றார். பிறகு, "பாப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத. அவ புருஷனை அனுப்பற திட்டத்தை அப்பன் நல்லதுன்னு சொன்னான்னு அவ காதுல விழவே வேணாம்," என்றார்.

அந்த வாரம் முழுக்க என் முன்னால் நின்று சொல்லிப் பழகினார். 'நல்ல' என்பது வந்தது. 'திட்டம்' வரவில்லை. நாக்கு சுருண்டு, "நல்ல... ஆனா தண்ணி ஏறுதே" என்று போய்விடும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கூட்ட நாளன்று காலையிலிருந்தே மழை. டீ வந்தது. எல்லாரும் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்கள். நெறிமுறை அதிகாரி அத்தானைத் தாங்கிப் பிடிக்க வசதியாக நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தே நின்றார். அத்தான் எழுந்தார்.

"நல்ல திட்டம். எனக்கு மறுப்பு இல்லை."

பெருந்தளபதி அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். அத்தான் உட்கார்ந்துவிட்டார்.

"மறுப்பு இல்லைன்னா?" என்றார் பெருந்தளபதி.

"இல்லைன்னா இல்லைதான். முழு மனசோட சொல்றேன். நல்ல திட்டம்."

நெறிமுறை அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. குனிந்து, "சின்னதா ஏதாவது சொல்லுங்க. படகோட நிறம் பிடிக்கலைன்னாவது சொல்லுங்களேன்," என்று கெஞ்சினார்.

"நிறம் ரொம்ப நல்லா இருக்கு."

பெருந்தளபதி மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்க யாராவது மறுங்கய்யா." தளபதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை வீட்டுக்காரர் எழுந்து, "நீங்க கொண்டுவந்த திட்டத்தை எங்களால எப்படிங்க மறுக்க முடியும்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே," என்றார். பெருந்தளபதி பேனாவை மூடினார். சட்டைப் பையில் வைத்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருடைய தோள் இறங்கித் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்போது சட்ட அதிகாரி கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, ஒரு சின்ன விளக்கம். போன கூட்டத்துல இந்தத் திட்டம் கூடாதுன்னு இங்க ஒரு கருத்து சொல்லப்பட்டது. அதைக் கேட்டு நாம எல்லாரும் அழுதோம். இன்னைக்கு அந்தக் கருத்தையே எதிர்த்து இவர் பேசியிருக்கார். இதுவரைக்கும் இவர் மத்தவங்களைத்தான் மறுத்தார். இன்னைக்குத் தன்னையே மறுத்திருக்கார். தன்னையே மறுக்கறதைவிடப் பெரிய மறுப்பு உலகத்துல உண்டா, ஐயா?"

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூரை இடிந்து விழும்போலக் கை தட்டினார்கள். "மன்றம் முதிர்ச்சி அடைஞ்சிடுச்சு!" என்றார் பெருந்தளபதி. பேனா மறுபடி வெளியே வந்தது.

அத்தான் வாயைத் திறந்தார். உடனே நெறிமுறை அதிகாரி ஆவலாகக் குனிந்தார். இன்னொரு மறுப்பும் கிடைத்தால் நல்லதுதானே அவருக்கு? அதைப் பார்த்ததும் அத்தான் வாயை மூடிக்கொண்டார். எதைச் சொன்னாலும் அவர்களுக்கு உதவும் என்று தெரிந்த மனுஷன் வேறென்ன செய்வார்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து ஆயிற்று. பிஸ்கட் வந்தது.

மழை விடவில்லை. மணல்மேட்டுக்குப் போன பிறகு மாப்பிள்ளை ஒரே ஒரு தடவைதான் பேசினான். "மாமா, நீங்க சொல்லிப் பாத்திருப்பீங்கன்னு தெரியும். விடுங்க. கேக்கவா போறாங்க," என்றான். அத்தான் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் ஆறு ஏறியது. அவர்களை இறக்கிவிட்டு வந்த படகுகளைத் திரும்ப அனுப்பி அழைத்துவரலாம் என்று யாரோ சொன்னார்களாம். அதுவும் ஒரு திட்டம்தானே, அதற்கு முதலில் மறுப்பு வாங்க வேண்டுமே என்று அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்களாம். யாரைப் போய்த் திட்டுவது, சொல்லுங்கள்? அந்தக் கூட்டம் கூடுவதற்குள் மணல்மேட்டின் மேல் ஆறு போய்க்கொண்டிருந்தது. எங்கள் பையனின் உடம்பைக்கூட அவர்களால் கொடுக்க முடியவில்லை.

துக்கம் கேட்கப் பெருந்தளபதியே வீட்டுக்கு வந்தார். கூடவே நெறிமுறை அதிகாரி. பாப்பா தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. பெருந்தளபதி நின்றுகொண்டே பேசினார்.

"உன் வீட்டுக்காரர் உயிர் வீண் போகலைம்மா. இதுலேர்ந்து நாங்க பெரிய பாடம் கத்துக்கிட்டோம். இனிமே இந்த மாதிரி திட்டத்துக்கு ரெண்டு மறுப்பு போதாது, மூணாவது வாங்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். நாங்க அவசரப்பட்டு எதுவும் செய்யல. உங்கப்பாவே கூட்டத்துல எழுந்து நின்னு நல்ல திட்டம்னு சொன்னாரேம்மா. எங்க எல்லாரையும்விட முழு மனசோட சொன்னாரு."

பாப்பா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

நான் முந்திக்கொண்டு, "பாப்பா, அது அப்படி இல்லைம்மா," என்று ஆரம்பித்தேன். விதியையும், அத்தான் போட்ட கணக்கையும், ஒரு வாரம் சொல்லிப் பழகியதையும், வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் முழுதும் கேட்டாள். புத்திசாலிப் பெண், எல்லாம் புரிந்தது அவளுக்கு. ஆனால் கண் அப்பாவை விட்டு நகரவில்லை.

"சொன்னேன்மா," என்றார் அத்தான்.

"கத்தியிருக்கலாமேப்பா," என்றாள் அவள். "பச்சை பெயின்ட்டுக்கெல்லாம் அவ்வளவு கத்துவீங்களே. அவங்க கேக்கலேன்னா கேக்காம போகட்டும். அவர் போகக் கூடாதுன்னு நம்ம வீட்டுலேர்ந்து கடைசிவரைக்கும் ஒருத்தர் கத்தினாங்கன்னு இருந்திருக்கும்லப்பா."

கத்தியிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள். கத்தாததால் அனுப்பினார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பெருந்தளபதி மெல்ல நெறிமுறை அதிகாரி பக்கம் சாய்ந்தார். "எவ்வளவு புது மாதிரியான பார்வை, கவனிச்சியா? மன்றத்துல ஒரு பெண் குரல் இல்லைங்கறது பெரிய குறைதான்," என்றார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்போல.

அத்தான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் எழுந்து இரண்டு பேரையும் வாசல்வரை தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது அத்தான் பாப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். கை அவள் தலைக்குப் போனது. தொடாமல் அப்படியே நின்றது.

பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அங்கேயே, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம், அனுப்பாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.